சமவெளிச் சுவாசமும் மலைக்காற்றும்

கிழக்கே மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் முதலிய கடற்கரையூர்களில் தொடங்கி, மேற்கே விராலிமலை வரையில் பரந்து கிடக்கும் புதுக்கோட்டை மாவட்டம், பாறைக் குன்றுகள் பல உடையதாயினும் உண்மையில் சமவெளி நாடேயாகும். புதுக்கோட்டை நகரம் சமுத்திர மட்டத்திற்குச் சுமார் 100 மீட்டர் மேலே இருக்கிறது. சித்தன்னவாசலும் குடுமியான்மலையும் நார்த்தாமலையும் கண்ணுக்கு எடுப்பாக நிமிர்ந்து நின்றாலும், வாயுமண்டலத்தின் கணக்கில் அவை தரையோடு சேர்த்து எண்ணத்தக்கவையே. விராலிமலை முருகனைத் தரிசிக்கப் படியேறுகிறவர் பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கும்போது, மேலே காற்றுக் குறைவு என்று தமக்குத் தாமே காரணம் சொல்லிக்கொள்வதுண்டு. அது காரணமன்று. 100 மீட்டர் ஏறினால் காற்றின் அழுத்தம் நூற்றில் ஒரு பங்கு அளவே குறைகிறது; அந்தக் குறைவை நம் சுவாசப்பை உணர்வதேயில்லை. அங்கே மூச்சு வாங்குவது, உடலின் பாரத்தைப் படிக்குப் படி தூக்கிச் செல்லும் காலும் தொடையும் பிராணவாயுவை மிகுதியாகக் கேட்பதால்தான். உழைப்பினால் வரும் மூச்சு வேறு, காற்றின் மெலிவினால் வரும் மூச்சு வேறு என்ற இந்தப் பாகுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், இவ்வத்தியாயத்தில் சொல்லப்போகும் விஷயம் எளிதில் விளங்கும்.

கடற்கரையில் நிற்கும் மனிதர்மேல் கவிந்துள்ள காற்றின் பாரம், பாரமானியில் 760 மில்லிமீட்டர் உயரமுள்ள பாதரசத்தைத் தாங்கி நிற்கிறது. மேலே ஏற ஏற நம் தலைக்கு மேலுள்ள காற்றும் குறைந்துகொண்டே போவதால் இந்தப் பாரமும் குறைய வேண்டும் என்று ஊகித்த பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞர், 1648-ஆம் ஆண்டில் தம் தமக்கையின் கணவரை ஒரு பாரமானியுடன் மலையேறச் செய்தார். உச்சியில் பாதரசம் இறங்கியதைக் கண்டவர்கள் வியந்தார்கள். நம் ஊர்க்காரர் இதே உண்மையை ஒரு கருவியுமின்றிக் காணலாம். கோடை விடுமுறையில் கோடைக்கானலுக்குப் புறப்படும் குடும்பத்தாரின் பையில் குழந்தைகளுக்கென வாங்கிய வறுவல் பொட்டலம் ஒன்றாவது இருக்கும். வத்தலக்குண்டைக் கடந்து, வளைவு வளைவாகப் பேருந்து மலையேற ஏற, அப்பொட்டலம் தானே உப்பத் தொடங்கி, பெருமாள்மலையை அடையும்போது விரலால் அழுத்தினாலும் குழியாத அளவுக்கு விறைத்து நிற்கும். உள்ளே அடைபட்டிருப்பது கீழ்நாட்டுக் காற்று. வெளியிலிருந்து அதை அமுக்குவதோ மெலிந்த மலைக்காற்று. மலையுச்சியில் குடித்துவிட்டு இறுக மூடி வைத்த தண்ணீர்ப் பாட்டில் திரும்பும் வழியில் தானே நசுங்கிப்போவதும் இதன் மறுபக்கமே.

கோடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ளது. அங்கே காற்றின் அழுத்தம் சுமார் 590 மில்லிமீட்டர். இந்த இடத்தில் பலர் கொண்டுள்ள ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிட வேண்டும். மலைக்காற்றில் பிராணவாயுவின் விகிதம் குறைவு என்று படித்தவர்களும் சொல்லக் கேட்கிறோம், விகிதம் குறைவதில்லை. மணமேல்குடிக் கடற்கரையிலும் கோடைக்கானல் ஏரிக்கரையிலும் இமயத்தின் சிகரத்திலும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயுதான். குறைவது அதன் அழுத்தம். நுரையீரலின் காற்றறைகளிலிருந்து இரத்தத்திற்குள் பிராணவாயுவைத் தள்ளிவிடுவது இந்த அழுத்தமேயாதலால், விகிதம் மாறாதிருந்தும் பயன் குறைந்துவிடுகிறது.

கணக்கு இன்னும் சற்று நுட்பமானது. அதனையும் சொல்லிவிடுவது நலம். நாம் உள்ளிழுக்கும் காற்று மூக்கையும் தொண்டையையும் கடப்பதற்குள் உடலின் உஷ்ணத்தை அடைந்து, நீராவியால் நிறைந்துவிடுகிறது. இந்த நீராவிக்கு 47 மில்லிமீட்டர் அழுத்தம் உண்டு. கடற்கரையானாலும் கைலாசமானாலும் அந்த 47 மாறுவதில்லை, ஏனெனில் அதனை நிர்ணயிப்பது நம் உடலின் உஷ்ணமேயன்றி வெளியுலகமன்று. ஆகவே கடல்மட்டத்தில் 760-இல் 47 போக எஞ்சிய 713-இல் 21 பங்கு, அதாவது ஏறத்தாழ 150 மில்லிமீட்டர் அழுத்தத்தில் பிராணவாயு சுவாசக்குழாயில் வந்து நிற்கிறது. கோடைக்கானலில் 590-இல் 47 போக 543. அதில் 21 பங்கு 114. சமவெளியில் கிடைப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகம். உயரம் கூடக் கூட நீராவி தன் பங்கைக் குறைத்துக்கொள்ளாமையால், பிராணவாயுவுக்கு மிஞ்சும் இடம் மேன்மேலும் சுருங்குகிறது.

அழுத்தம் உயரத்தை மட்டும் பொறுத்ததன்று. பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க வாயுமண்டலம் மேல்நோக்கித் தடித்திருப்பதால், ஒரே உயரத்திலுள்ள இரு மலைகளில் துருவத்தை நெருங்கிய மலையைவிட நம் நாட்டு மலையில் அழுத்தம் சற்று மிகுதி. எவரெஸ்ட் சிகரத்திற்குப் பாடப்புத்தகக் கணக்கு சொல்லும் அழுத்தம் 236 மில்லிமீட்டர். ஆனால் 1981-இல் அமெரிக்க மருத்துவ ஆராய்ச்சிக் குழுவைச் சேர்ந்த கிறிஸ்டபர் பிஸ்ஸோ சிகரத்தின்மேல் நின்று அளந்தபோது அது 253 இருந்தது. அந்தச் சிறு மிகுதிதான், பிராணவாயுக் குப்பியின்றியும் மனிதன் அங்கே ஏறி மீள்வதைச் சாத்தியமாக்குகிறது.

இனி, அழுத்தம் குறைந்த காற்றை எதிர்கொள்ளும் ஆரோக்கியமான சரீரம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். கழுத்தின் இரு பக்கங்களிலும், தலைக்குச் செல்லும் பெருந்தமனி இரண்டாகக் கிளைக்கும் இடத்தில், அரிசிமணியளவே உள்ள ஓர் உறுப்பு இருக்கிறது. தன்னைக் கடந்து செல்லும் இரத்தத்தில் பிராணவாயு போதுமா என்பதை இடைவிடாது சோதித்து, குறைந்தால் உடனே மூளையின் சுவாச மையத்திற்குச் செய்தி அனுப்புவது இதன் தொழில். இத்தகைய உணர்வுறுப்புகளின் செயலை ஆராய்ந்து விளக்கியதற்காகவே பெல்ஜிய நாட்டு ஹேமான்ஸுக்கு 1938-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. பேருந்து கோடைக்கானலில் நிற்பதற்கு முன்பே இந்தச் செய்தி போய்ச் சேர்ந்து, நாம் அறியாமலே நம் மூச்சு சற்று ஆழமாகத் தொடங்கிவிடுகிறது. மூச்சின் எண்ணிக்கை முதலில் அதிகம் மாறுவதில்லை. ஒவ்வொரு மூச்சிலும் இழுக்கும் காற்றே கூடுகிறது. ஆதலால்தான் பலர் தம் சுவாசம் மாறியிருப்பதையே கவனிப்பதில்லை.

ஆழ்ந்த சுவாசத்தால் பிராணவாயு கூடுதலாக வருவது ஒரு நன்மை. ஆனால் அதே சுவாசம் இரத்தத்திலுள்ள கரியமிலவாயுவையும் மிகுதியாக வெளியே தள்ளிவிடுகிறது. கரியமிலவாயு இரத்தத்தில் அமிலத்தன்மை தருவது. அது குறையவே இரத்தம் காரத்தன்மை நோக்கிச் சாய்கிறது. சுவாச மையமோ பிராணவாயுவைவிடக் கரியமிலவாயுவையே பெரிதும் பின்பற்றி நடப்பது. எனவே, இன்னும் மூச்சு விடு என்று ஓர் ஆணையும், போதும் நிறுத்து என்று எதிர் ஆணையும் ஒரே நேரத்தில் அதற்கு வந்து சேருகின்றன. மலையில் கழிக்கும் முதல் நாட்களின் சங்கடங்கள் பலவற்றிற்கு இந்த இழுபறி ஒரு முக்கிய காரணம்.

இழுபறியின் முகம் இரவில்தான் நன்கு தெரியும். உயரமான இடத்தில் தூங்குகிறவர் சில மூச்சுகளை வரவர ஆழமாக விட்டு, பிறகு படிப்படியாகக் குறைத்து, பல விநாடிகள் மூச்சே இல்லாமல் கிடந்து, மீண்டும் திடீரெனப் பெருமூச்சோடு தொடங்குவார். பக்கத்தில் விழித்திருக்கும் மனைவியோ மகனோ இதைக் கண்டு பதறிப்போவது இயற்கை. பதற வேண்டுவதில்லை, விழித்திருக்கும்போது மறைந்து நடக்கும் அந்த வாதப்பிரதிவாதமே தூக்கத்தில் வெளிப்படையாக நடக்கிறது. வழக்கைத் தீர்த்துவைப்பவை சிறுநீரகங்கள். மிஞ்சிய காரப்பொருளை அவை சிறுநீரில் கழிக்கக் கழிக்க, சுவாச மையத்தின் தடை தளர்ந்து, மூச்சு மேலும் ஆழமாக வழி பிறக்கிறது. இந்த வேலைக்குச் சில நாட்கள் பிடிக்கும். அசிடசோலமைடு என்னும் மருந்து செய்வதும் சிறுநீரகத்தின் இந்த வேலையை விரைவுபடுத்துவதேயன்றி வேறன்று. இந்த ஏற்பாடு எவ்வளவு தூரம் செல்லக்கூடியது என்பதற்கு முன் சொன்ன பிஸ்ஸோவே சான்று: சமவெளியில் நம் காற்றறைகளில் கரியமிலவாயுவின் அழுத்தம் 40 மில்லிமீட்டர், வாரக்கணக்கில் மலையில் பழகிய அவருடைய மூச்சில், சிகரத்தின்மேல் அது ஏறத்தாழ 7.5 மில்லிமீட்டராகவே இருந்தது. அவ்வளவு ஓயாமல் மூச்சு வாங்கியதால்தான் அவர் உணர்வோடு நின்றார்.

கொரோனாக் காலத்திற்குப் பிறகு விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் நம் வீடுகள் பலவற்றில் நுழைந்துவிட்டது. 95-க்குக் கீழே போனால் ஆபத்து என்ற அச்சமும் கூடவே நுழைந்துவிட்டது. கோடைக்கானலில் தங்கும் அறையில் இக்கருவியை மாட்டிப் பார்த்து, 93 என்று கண்டு கலங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவின் அழுத்தம் 100 மில்லிமீட்டர் இருக்கும்போது நூற்றுக்கு 97 பங்கு நிறைகிறது. அழுத்தம் 60-க்கு இறங்கினாலும் 90 பங்கு நிறைந்தே இருக்கிறது. கோடைக்கானலில் நம் காற்றறைகளில் அது ஏறத்தாழ 70. ஆகவே அங்கே ஆரோக்கியமான ஒருவருக்கு 93 என்பது நோயின் அடையாளமன்று, உயரத்தின் அடையாளம். ஆனால் 60-க்குக் கீழே நிலைமை தலைகீழ். அழுத்தத்தின் சிறு குறைவும் இரத்தத்தின் நிறைவைப் பெரிதும் சரித்துவிடும். 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரத்தில் புதிதாக இறங்குகிறவர் இந்தச் சரிவின் விளிம்பில்தான் நிற்கிறார்.

நுரையீரலின் திறனை ஊதி அளக்கும் சோதனையை மலையில் செய்தால் காண்பதும் சுவையான செய்தியே. மெலிந்த காற்று குழாய்களில் எளிதாக ஓடுவதால், வேகமாக ஊதும் காற்றின் உச்சவேகம் சமவெளியில் இருந்ததைவிடக் கூடும். ஆழ இழுத்து முழுவதும் வெளிவிடும் கொள்ளளவோ, உயரமான இடங்களில் முதல் நாட்களில் ஒருசில விழுக்காடு குறைகிறது. நுரையீரலின் இரத்தக்குழாய்களில் இரத்தம் மிகுவதும் திசுக்களில் சிறிதளவு நீர் கோப்பதும் இதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. எனவே, சுவாசப்பை மலையில் பலவீனமடைகிறது என்று சொல்வது முழு உண்மையன்று. துருத்தி நன்றாகவே இயங்குகிறது. அதற்குக் கிடைக்கும் சரக்குத்தான் மெலிந்திருக்கிறது. கடும் உழைப்பில் மட்டும் இழப்பு தெளிவாகத் தெரியும்: 1,500 மீட்டருக்கு மேல் ஒவ்வோர் 1,000 மீட்டருக்கும் உடலின் உச்ச உழைப்புத் திறன் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகிறது. கோடைக்கானல் ஏரியைச் சுற்றி நடப்பவருக்கு இது தெரியாது, ஓடுகிறவருக்குத் தெரியும். மலைப்பாதையில் வரும் வாந்தியும் தலைசுற்றலும் பிராணவாயுக் குறைவைச் சேர்ந்தவையல்ல. அவை வளைவுகளில் காதின் சமநிலையுறுப்பு தடுமாறுவதால் வருபவை. அக்குறைவினால் வரும் மலைநோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல், வந்து சேர்ந்து சில மணி நேரம் கழித்தே தலைகாட்டும்.

மலைக்கே போகாதவர்களும் மலைக்காற்றைச் சுவாசித்திருக்கக்கூடும். திருச்சிராப்பள்ளி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருக்கிறது. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைப்புக்காகச் செல்லும் நம் மாவட்டத்து மக்கள் எத்தனையோ பேர் அங்கிருந்து புறப்படுகிறார்கள். விமானம் 10,000 மீட்டருக்கு மேல் பறந்தாலும், உள்ளே காற்றை அடைத்து, ஏறத்தாழ 1,800 முதல் 2,400 மீட்டர் வரையுள்ள மலையின் அழுத்தத்தில் வைத்திருப்பார்கள். அதாவது சிங்கப்பூர் செல்பவர் சில மணி நேரம் கோடைக்கானலில் அமர்ந்திருந்தவரே ஆகிறார். ஆரோக்கியமானவருக்கு அதனால் தீங்கில்லை. ஆனால் சமவெளியிலேயே மூச்சுக்குப் போராடும் நுரையீரல் நோயாளி பயணத்துக்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டுவதன் காரணம் இதுவே.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் பழகிய உயரங்கள். அவற்றுக்கு மேலே நம் நாடு கற்ற பாடம் கடுமையானது. 1962-ஆம் ஆண்டின் சீனப் போரையொட்டி, சமவெளியில் இருந்த ஆயிரக்கணக்கான போர்வீரர்கள் விமானங்களிலும் வாகனங்களிலும் இமயத்தின் உயரங்களுக்கு அவசரமாகக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களில் பலர் தலைவலியாலும் வாந்தியாலும் தூக்கமின்மையாலும் துன்புற்றார்கள். சிலர் மூச்சுத்திணறி மாண்டார்கள். இந்தர் சிங் என்னும் இராணுவ மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1,925 வீரர்களிடம் கண்டவற்றைத் தொகுத்து 1969-இல் வெளியிட்ட கட்டுரை, உலகமெங்கும் மலைநோய் பற்றி எழுதுவோர் இன்றும் எடுத்துக்காட்டும் ஆதாரங்களுள் ஒன்று. அங்கே நோயுற்றவர்கள் நோஞ்சான்கள் அல்லர். தேர்ந்தெடுக்கப்பட்ட, பயிற்சி பெற்ற இளைஞர்கள். தேகபலம் மலைநோய்க்குக் காப்பாகாது என்ற உண்மை இவ்வாறு நிலைநாட்டப்பட்டது. பலசாலி தன் பலத்தை நம்பி விரைந்து ஏறுவதால், அவனுக்கு அபாயம் சற்று அதிகமென்றே நான் கருதுகிறேன்.

வீரர்களைக் கொன்ற அந்த மூச்சுத்திணறலின் காரணமும் விந்தையானது. நுரையீரலின் ஒரு பகுதிக்குக் காற்றுப் போகாவிட்டால் அப்பகுதியின் இரத்தக்குழாய்கள் சுருங்கி, இரத்தத்தைக் காற்றுள்ள பகுதிக்குத் திருப்பிவிடும். ஆய்லர், லில்யெஸ்ட்ராண்ட் என்னும் ஸ்வீடன் விஞ்ஞானிகள் 1946-இல் விளக்கிய ஏற்பாடு இது. சமவெளியில், சளியால் ஒரு மூலை அடைபட்டால் இது பேருதவி. மலையிலோ பிராணவாயுவின் குறைவு நுரையீரல் முழுவதற்கும் பொதுவாகையால், எங்கும் குழாய்கள் சுருங்குகின்றன. அதுவும் ஒரே சீராகச் சுருங்குவதில்லை. சுருங்காத சில இடங்களில் இரத்தம் மிகுந்த வேகத்தோடு பாய, அங்குள்ள நுண்குழாய்களின் சுவர் தாங்காமல் நீர் கசிந்து காற்றறைகளை நிரப்பத் தொடங்குகிறது. முதலில் வறட்டு இருமல். பிறகு உட்கார்ந்த நிலையிலேயே மூச்சிரைப்பு. முற்றினால் இளஞ்சிவப்பு நுரை. பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இது வரும். இதனை நிமோனியா என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள்.

இன்று இராணுவம் மேற்கொண்டுள்ள முறையில், 2,700 முதல் 3,600 மீட்டர் வரையில் ஆறு நாட்கள் தங்கிப் பழக வேண்டும். அவற்றுள் முதல் இரண்டு நாட்கள் ஓய்வுக்கே. அங்கிருந்து 4,500 மீட்டர் வரை நான்கு நாட்கள். அதற்கு மேல் மேலும் நான்கு நாட்கள். தமிழ்நாட்டு இளைஞர் பலர் பணிபுரியும் மதராஸ் ரெஜிமெண்டின் வீரர்கள் சியாச்சினில் 19,000 அடிக்கு மேலும் காவல் காத்திருக்கிறார்கள். கடல்மட்டத்தில் பிறந்து வளர்ந்த நுரையீரலைக் கொண்டு அவ்வளவு உயரத்தில் நிற்க முடிவது இந்தப் படிப்படியான பழக்கத்தால்தான். வாரங்கள் செல்லச் செல்லச் சிவப்பணுக்களும் பெருகித் துணைசெய்கின்றன. ஆயினும் திபெத்தியரைப்போல் தலைமுறை தலைமுறையாக உயரத்திலே வாழ்ந்து பெற்ற உடலமைப்பை நாம் சில வாரங்களில் பெற்றுவிட முடியாது.

என் கவலையெல்லாம் யாத்திரிகர்களைப் பற்றியது. போர்வீரனுக்கு இருக்கும் கட்டுப்பாடு, விடுப்பு எடுத்துக்கொண்டு பத்து நாட்களில் பல தலங்களைத் தரிசித்துத் திரும்ப விரும்பும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இல்லை. கேதார்நாத் ஏறத்தாழ 3,580 மீட்டர். அமர்நாத் குகை ஏறத்தாழ 3,880. மானசரோவரம் 4,500-க்கும் மேல். கைலாச வலத்தின் டோல்மா கணவாய் 5,600-ஐயும் தாண்டும். ஹெலிகாப்டர் நிமிஷக் கணக்கில் ஏற்றிவிடும். சிறுநீரகமோ தன் வேலைக்கு நாட்கணக்கில் அவகாசம் கேட்கும். கர்ப்பூரத்தைத் துணியில் முடிந்து முகர்ந்துகொண்டால் மூச்சுத்திணறல் அணுகாது என்று பலர் நம்பி எடுத்துச் செல்கிறார்கள். கர்ப்பூரம் மூக்கினுள் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டி, காற்று தாராளமாகப் போவதுபோன்ற உணர்வைத் தருகிறது. ஆனால் மூக்கின் வழி அகலுவதுமில்லை, இரத்தத்தில் பிராணவாயு ஓர் அணுவளவும் கூடுவதுமில்லை. தைரியம் தருவதோடு நின்றால் குற்றமில்லை. இறங்கவேண்டிய நேரத்தில் இறங்காமல் செய்துவிடுமானால் அது பெருந்தீங்கு.

ஆகவே, புறப்படுவோர் திட்டத்தில் இரண்டொரு நாட்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். 3,000 மீட்டருக்கு மேல் போனபின், இரவு தங்கும் இடம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் உயராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். தலைவலியும் குமட்டலும் இருக்கும்வரை மேலே ஏறாதீர்கள். உடன் வந்தவர் உட்கார்ந்த இடத்திலேயே மூச்சிரைக்கிறார் என்றாலோ, நிதானமாக நடக்க மாட்டாமல் தள்ளாடுகிறார் என்றாலோ, கிடைக்கும் பிராணவாயுவைக் கொடுத்து, விடியட்டும் என்று காத்திராமல் அவரைக் கீழே இறக்கிவிடுங்கள். தரிசனத்தை மறு ஆண்டு வைத்துக்கொள்ளலாம்.